ஒரே நாட்டுக்கிட்ட வாங்குறோம்னா, எத்தனை சதவீதத்துல கவலைப்படணும்?

கொருக்குப்பேட்டை கணக்கன் (கேள்வி)

வணக்கம். திருவொற்றியூர்ல எங்க வாசகர் வட்டத்துல, இறக்குமதிக்கு ஒண்ணு ரெண்டு நாட்டையே நம்பி இருக்குறதைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும். பேப்பர்ல வந்த எண்களைத் திரட்டி வச்சிருக்கேன். பொட்டாஷ் உரம் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. சூரியகாந்தி எண்ணெய், 2022 போருக்கு முன்னாடி தோராயமா உக்ரைன் 70, ரஷ்யா 20, அர்ஜென்டினா 10 சதவீதம். தங்கத்துல சுவிட்சர்லாந்து மட்டும் கிட்டத்தட்ட 40. அரிய மண் காந்தம் பெரும்பாலும் சீனா. கச்சா எண்ணெய்ல ரஷ்யா, 2023-24-ல மூணுல ஒரு பங்குக்கு மேல.

வரிசையா எழுதிப் பார்த்தா எல்லாம் ஒரே அளவுக்கு மிரட்டுது. ஆனா சுவிட்சர்லாந்து தங்கம் தரலன்னா என்ன ஆகும்னு யாரும் தூக்கம் கெட்டு உட்காரல. சதவீதம் எதையோ சொல்லாம விடுது, அது என்னன்னு பிடிபடல.

இதுக்கு ஒழுங்கான கணக்குமுறை இருக்கா, எந்த அளவைத் தாண்டினா ஆபத்துன்னு சொல்றாங்க, நம்ம எண்ணூர், மணலி பக்கம் கண்ணால பார்க்கிற சரக்கை வச்சே விளக்க முடியுமா? வர்றவங்க எல்லாம் துறைமுகம், ஆலைன்னு வேலை பார்த்தவங்க. கதை விட்டா எழுந்து போயிடுவாங்க.


எக்செல் ஏகாம்பரம்

கணக்கு இருக்கு. ஒவ்வொரு நாட்டோட பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டணும், அவ்வளவுதான். ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடுன்னு பேரு. ஒரே நாடுன்னா 100-ஐ 100-ஆல பெருக்கி 10,000. பத்து நாடு சரிசமமா கொடுத்தா 1,000. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945-ல இதுமாதிரி ஒரு அளவைக் கொண்டுவந்ததே ஒரு நாட்டோட வணிகம் எத்தனை பேர் கையில குவிஞ்சிருக்குன்னு பார்க்கத்தான். கம்பெனிகள் ஒண்ணோட ஒண்ணு சேரலாமான்னு பார்க்கிற அதிகாரிகள் கைக்கு அது பிற்பாடுதான் போச்சு.

உங்க சூரியகாந்தியையே போடுங்க. 70-க்கு 4,900, 20-க்கு 400, 10-க்கு 100. மொத்தம் 5,400. இப்போ 10,000-ஐ அந்த 5,400-ஆல வகுத்தா 1.85. பேருக்கு மூணு கடை, நிஜத்துல ரெண்டு கடை கூட இல்லைன்னு அர்த்தம். மேடையில 5,400-ன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, இந்த 1.85-ஐச் சொல்லுங்க.

இதுக்கு மேல ஒரு வேலை இருக்கு, பலரும் செய்யறதில்லை. உக்ரைனும் ரஷ்யாவும் ரெண்டு நாடுதான், ஆனா சரக்கு வெளிய வர்றது ஒரே கருங்கடல் வழியா. காசிமேட்டுல பத்துப் படகு வச்சிருந்தாலும் புயல் எச்சரிக்கை வந்தா பத்தும் கரையிலதான் நிக்கும் இல்லையா, அது மாதிரி. ஒரே காரணத்தால சேர்ந்து நின்னுபோற நாடுகளை ஒரே நாடா எண்ணிட்டுத் திரும்பக் கணக்குப் போடுங்க: 90-க்கு 8,100, 10-க்கு 100, மொத்தம் 8,200. கடை எண்ணிக்கை 1.22-க்கு இறங்கிடுச்சு. 2022 பிப்ரவரியில நடந்தது 5,400 கதை இல்லை, 8,200 கதை.

எண்களை நீங்களே எடுக்க: வணிக அமைச்சகத்தோட ஏற்றுமதி இறக்குமதித் தரவுத்தளம் (டிரேட்ஸ்டாட்னு தேடினா வரும், காசு கிடையாது). இறக்குமதி, ஒரு பொருள், எல்லா நாடும்னு தேர்ந்தெடுத்து எச்.எஸ். கோடு (சரக்கு வகைக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்குற எண்) கொடுக்கணும். கச்சா சூரியகாந்தி எண்ணெய் 151211, இதுல குசும்பா எண்ணெயும் சேர்ந்தே இருக்கும். பொட்டாசியம் குளோரைடு 310420. உலோக நிரந்தரக் காந்தம் 850511, இதுல அரிய மண் மட்டும் இல்லாம அல்நிகோ மாதிரி மத்த காந்தமும் கலந்திருக்கும். நாடுகளோட பங்கை ஒரு பத்தியில (மேலிருந்து கீழே போற வரிசை) சதவீதமா மாத்திக்கிட்டு, எக்செல்ல 'சம்-எஸ்க்யூ' ஃபங்ஷன் போட்டா ஒரே தட்டுல விடை வந்துடும். ஒரு வருஷத்தை மட்டும் எடுக்காதீங்க. மூணு நிதியாண்டைக் கூட்டி எடுத்தா ஒரு பெரிய கப்பல் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனதால வர்ற ஆட்டம் அடங்கிடும்.

சோலார் பேனலுக்குப் பழைய வருஷத்தோட ஒப்பிட்டா கவனம். 854140-ன்னு இருந்தது 2022-ல பிரிஞ்சு, செல்லுக்கு 854142, பேனலுக்கு 854143 ஆயிடுச்சு. பழைய கோடைப் போட்டா இறக்குமதியே நின்னுபோன மாதிரி பூஜ்யம் காட்டும், அதைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டாம்.

எல்லை எவ்வளவுன்னா, கம்பெனி இணைப்புக்கு அமெரிக்காவுல 2023 விதிப்படி 1,800 தாண்டினா அதிகக் குவிப்பு. இறக்குமதிக்கு அது ரொம்பக் கறார். ஐரோப்பிய ஆணையம் 2021-ல சுமார் 5,200 பொருளை அலசி 137-ஐப் பிரிச்செடுத்தப்ப வச்ச எல்லை 4,000. அது மட்டும் இல்லை, இன்னும் ரெண்டு சல்லடை போட்டாங்க: மொத்த இறக்குமதியில பாதிக்கு மேல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரணும், அந்த வெளி இறக்குமதி தங்களோட ஏற்றுமதியைவிட அதிகமா இருக்கணும். 4,000-ஐ முதல் சல்லடைன்னு வச்சா, ரெண்டாவது சல்லடை நமக்குப் பொருந்தாது, நமக்கு எல்லாமே வெளிதான். மூணாவதை எடுத்துக்கலாம். நாமளே ஏத்துமதியும் பண்ற பொருள்னா உள்ளூர்ல செய்ய ஆள் இருக்குன்னு அர்த்தம்.


ராஜாஜி சாலை பில்

கணக்கு சரி. ஆனால் அந்த நாட்டுப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதியாளர் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் படிவம்) நாட்டுக்கு இரண்டு கட்டம் உண்டு. ஒன்று சரக்கு உற்பத்தியான நாடு, மற்றொன்று நமக்கு அனுப்பிய நாடு. சிங்கப்பூர், ஹாங்காங், துபாய் என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்து ஆசாமிகள், வாங்கி விற்பவர்கள். நீங்கள் எடுக்கும் அட்டவணை எந்தக் கட்டத்தை வைத்துப் போட்டது என்று முதலில் பார்க்கவும்.

உற்பத்தியான நாடு என்பதிலும் சிக்கல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் தங்கச் சுரங்கத் தொழில் கிடையாது. உலகெங்கும் தோண்டிய தங்கம் அங்கே போய்ச் சுத்திகரிக்கப்பட்டுக் கட்டியாக வருகிறது. உருமாறும் இடத்தைத்தான் உற்பத்தி நாடாகக் கொள்வது வழக்கம். அங்கே கதவைச் சாத்தினாலும் வேறு நாட்டுச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அதே தரத்தில் அதே கட்டி வரும். உங்கள் 40 சதவீதம் யாரையும் பயமுறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அட்டவணையில் குவிப்பு இருக்கிறது, சரக்கில் இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். அட்டவணையில் பரவலாகத் தெரியும், சரக்கு ஒரே இடத்துடையதாக இருக்கும். ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகள்) ஒப்பந்தத்தில் வரிச் சலுகை பெற, பொதுவிதிப்படி 35 சதவீத மதிப்பு ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், கூடவே ஆறிலக்கக் கோடு மாறியிருக்க வேண்டும். திருப்பிப் படியுங்கள்: 65 சதவீதம் வரை வெளியிலிருந்து வந்திருக்கலாம். மலேசியா, வியட்நாம் என்று ஆரிஜின் சர்டிபிகேட் (உற்பத்தி நாட்டுச் சான்று) உள்ள பெட்டிக்குள் பாதிக்கு மேல் சீன மதிப்பு இருப்பது சட்டப்படியே சாத்தியம். 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த கரோட்டார் என்ற சுங்க விதிகளின்படி, சலுகை கேட்கும் இறக்குமதியாளர் அந்த 35 எப்படி வந்தது என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். வெறும் சர்டிபிகேட்டை நீட்டினால் போதாது. அந்தப் படிவத்தைப் படித்தால் உண்மையான சப்ளையர் யார் என்பது தெரிந்துவிடும், ஆனால் அது பொது அட்டவணையில் ஏறாது.

பொருளுக்குள் ஒளிந்து வருவதையும் கணக்கில் சேருங்கள். காந்தம் தனியாக வந்தால் 8505. அதே காந்தம் மோட்டாருக்குள் இருந்தால் 8501, மோட்டார் என்றுதான் பதிவாகும். மோட்டார் ஜப்பானிலிருந்து வரலாம், உள்ளே இருக்கும் காந்தம் எந்த ஊர் என்று கஸ்டம்ஸ் கேட்பதில்லை.


அத்திப்பட்டு நைட் ஷிப்ட்

தலைவரே, எண்ணூர்ல இன்னா எறங்குதுன்னு கேட்டீங்க இல்ல. மேல ரெண்டு பேரும் பேப்பர் கணக்கு சொல்லிட்டாங்கோ. நான் யார்டு கணக்கு சொல்றேன். எனக்குத் தெரிஞ்சு பார்க்க வேண்டிய நம்பர் ரெண்டே ரெண்டுதான். கையில எத்தினி நாள் சரக்கு கீது? வேற எடத்து சரக்கு வந்து மெஷின்ல ஓட எத்தினி நாள் ஆகும்? முதல் நம்பர் சின்னதா இருந்தா சதவீதம் எவ்ளோ இருந்தாலும் மாட்னோம். பெருசா இருந்தா நூறு சதவீதம் ஒரே ஆளுகிட்ட வாங்குனாகூட மூச்சு விடலாம்.

நிலக்கரி எடுத்துக்கோங்க. வடசென்னை அனல் நிலையத்துக்கு ஒடிசா தால்ச்சேர் பக்கத்துக் கரி ரயில்ல பாரதீப் வந்து, கப்பல்ல எண்ணூர் காமராஜர் போர்ட்டுக்கு வருது. அதுகூட இறக்குமதிக் கரிய கலந்துதான் எரிக்கிறது. 2022 ஜனவரி 1-ஆம் தேதி இந்தோனேசியா திடீர்னு கரி ஏத்துமதிய நிறுத்துச்சு, அந்த ஊர் மின் நிலையத்துக்கே கரி பத்தலன்னு. கலந்து எரிக்கிற ஆலை கொஞ்சம் கலவைய மாத்தி சமாளிச்சுக்கும். இறக்குமதிக் கரிக்குன்னே கட்டுன கடலோர ஆலை இன்னா பண்ணும்? ஒள்ளூர் கரிய அள்ளிப் போட்டா ஆச்சுன்னு நெனப்பாங்க. ஆவாது.

ஏன்னு தோராயமா சொல்றேன். 600 மெகாவாட் யூனிட் ஒண்ணு முழு லோடுல ஒரு நாளைக்கு 144 லட்சம் யூனிட் எடுக்கும். நம்ம கரி யூனிட்டுக்கு 650 கிராம்னு வச்சா ஒரு நாளைக்கு 9,400 டன் கிட்ட வோணும். அதுல சாம்பல் 40 சதவீதம்னா 3,700 டன் சாம்பலு. இந்தோனேசியக் கரி 5 சதவீதம் சாம்பல்னு வை, 8,000 டன் எரிச்சாலும் 400 டன்தான் வரும். 400 டன் வாங்குற மாதிரி போட்ட சாம்பல் பைப்பு, பம்பு, புகையில கீற சாம்பல புடிக்கிற ஈ.எஸ்.பி. எல்லாத்துலயும் ஒம்போது மடங்கு எறக்குனா ரெண்டே நாள்ல அடைச்சிக்கும். எதிர்த் திசையிலயும் தொல்லை கீது. இந்தோனேசியக் கரியில ஈரமும் ஆவியாவுற சமாச்சாரமும் ஜாஸ்தி, யார்டுல குமிச்சு வச்சா தன்னால புகைய ஆரம்பிச்சிடும், அரைக்கிற மில்லுல நெருப்பு புடிக்கும். அதுக்கு மில்லுலேர்ந்து வெளிய வர்ற காத்தோட சூட்ட கம்மி பண்ணி ஓட்டணும். அதனால இந்தக் கரிய ஆறு மாசத்துக்கு வாங்கிக் குமிச்சு வைன்னு எவனாவது சொன்னா, அவன் யார்டு பக்கமே வந்ததில்லன்னு அர்த்தம்.

கச்சா எண்ணெய் வேற தினுசு. மணலி ரீஃபைனரிக்கு வருசத்துக்கு 105 லட்சம் டன் கெபாசிட்டி. ஒரு நாளைக்கு 28,800 டன் கிட்ட. ஒரு லட்சம் டன் ஏத்தி வர்ற கப்பல் மூணரை நாளைக்குத்தான் காணும். பாக்க பயங்கரமா கீது, ஆனா கச்சா எண்ணெய் விக்கிறவன் உலகத்துல நெறைய. கந்தகம், அமிலம், கனம் மூணும் அந்த ஆலைக்கு ஒத்து வர்ற மாதிரி ரெண்டு மூணு ஊர் எண்ணெய கலந்து ஓட்டுவாங்க. ரஷ்யா 2022-க்கு முன்னாடி 2 சதவீதம் கிட்டதான் இருந்துச்சு, அப்புறம்தான் மூணுல ஒண்ணு. தள்ளுபடி குடுத்தான், வாங்குனோம். அவன் இல்லன்னா துட்டு ஜாஸ்தி ஆவும், ஆலை நிக்காது. இந்த ரெண்டையும் ஒரே சிவப்பு கலர்ல காட்டாதீங்க.

சமையல் எண்ணெய்யும் இங்கதான் எறங்குது, அதையும் சொல்லிடறேன். சூரியகாந்தி வரலன்னா பாமாயில் போடுன்னு வாயில சொல்றது சுலபம். சூரியகாந்தி சாதாரண சூட்டுலயே தண்ணி மாதிரி ஓடும். கச்சா பாமாயில 32-லேர்ந்து 40 டிகிரில வைக்கணும், எறக்குறப்ப 50-லேர்ந்து 55 டிகிரி. டேங்குல ஹீட்டிங் காயில் இல்லன்னா உறைஞ்சி போயி பைப்புல மெழுகு மாதிரி நிக்கும். ஆலையிலயும் சூரியகாந்திக்கு மெழுகு பிரிக்கிற செக்ஷன், பாமாயிலுக்கு ஓலின் (தண்ணியா ஓடற பகுதி) தனியா பிரிக்கிற செக்ஷன். ரெண்டும் இருக்குற ஆலை ஒரு வாரத்துல மாறிக்கும். இல்லாத ஆலைக்கு சுத்திகரிச்ச எண்ணெய்யவே வாங்கி பாக்கெட் போடறது தவிர வேற வழி இல்ல.

2022-லயே இன்னொரு கூத்து. சூரியகாந்தி நின்னதும் எல்லாரும் பாமாயில் பக்கம் ஓடுனாங்கோ, ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏத்துமதிக்கும் தடை போட்டுது. மே 23-ல எடுத்துட்டாங்க, ஒரு மாசம்கூட இல்ல. ஆனா உலக பாமாயில்ல அஞ்சுல நாலு பங்குக்கு மேல இந்தோனேசியாவும் மலேசியாவும்தான். மாத்துப் பொருளும் குவிஞ்சு கெடந்தா அது மாத்தே இல்ல, அதுக்கும் ஏகாம்பரம் அண்ணன் கணக்க போட்டுப் பாருங்க.


வியாசர்பாடி வைண்டிங்

காந்தம் பற்றி யாரும் விரிவா எழுதல. பேச்சுல இதுதான் எடுபடும், ஏன்னா இங்கே பணக்கணக்கும் ஆபத்தும் எதிரெதிர்த் திசையில போகுது. பேட்டரி வண்டி மோட்டார்ல இருக்குறது இந்தக் காந்தம்தான், ஆனா வண்டி விலையில அதோட பங்கு சொற்பம். இறக்குமதிப் பட்டியலை ரூபாய் வரிசையில அடுக்கினா ரொம்பக் கீழே கிடக்கும். அது இல்லைன்னா வண்டி ஆலை லைனை விட்டு நகராது.

சீனா 2025 ஏப்ரல் 4 அன்று ஏழு தனிமத்துக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம்னு சொன்னது: சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். இவை சேர்ந்த காந்தத்துக்கும் உரிமம் வேணும். தடை இல்லை, உரிமம்தான். ஆனா யார் கடைசியா பயன்படுத்தப் போறாங்க, எதுக்குன்னு சான்று எழுதிக் கையெழுத்து போட்டு அனுப்பி, அவங்க பரிசீலிக்க 45 வேலை நாள். அதுவே ரெண்டு மாசம். ஆலையில மூணு நாலு வாரச் சரக்குதான் வச்சு ஓட்டுவாங்கன்னா மீதிக்கணக்கை அத்திப்பட்டு அண்ணன் ஏற்கனவே சொல்லிட்டார்.

பட்டியலை நல்லா கவனிங்க. நியோடிமியம் அதுல இல்லை. காந்தத்துக்குப் பேரையே கொடுக்கிற தனிமம் வெளியில இருக்கு, சிட்டிகை அளவு சேர்க்கிற டிஸ்புரோசியமும் டெர்பியமும் உள்ளே. நியோடிமியம் காந்தம் சூட்டுல காந்தத்தன்மையை இழக்கும். சாதாரண என் கிரேடு 80 டிகிரி வரைக்கும்தான். எஸ்.எச். கிரேடு 150, யு.எச். 180. அந்த 80-க்கும் 180-க்கும் நடுவுல இருக்குற வேலையைச் செய்யறது அந்தச் சிட்டிகைதான். அதனால முதல்ல கைவைக்கக்கூடிய இடம், மோட்டாரைக் குளிர்ச்சியா ஓட்டி, கனத்த அரிய மண் கலக்காத காந்தத்துக்கு மாறுறது. வண்டிக் கம்பெனிகள் 2025-ல அந்தப் பக்கம்தான் முதல்ல நகர்ந்தாங்க.

ஃபெரைட் போட்டா என்னன்னு கேட்பாங்க. நியோடிமியத்தோட ஆற்றல் பெருக்கம் (காந்தத்தோட பலத்தைச் சொல்ற அளவு) 35-லிருந்து 50 எம்.ஜி.ஓ.இ., ஃபெரைட்டுக்கு 3-லிருந்து 5. பத்துல ஒரு பங்கு. அதே இழுவைக்கு மோட்டார் பெருசாகும், கனமாகும், வண்டியில உட்கார்ற இடம் மாறும், கன்ட்ரோலர் புரோகிராம் மாறும், வண்டிக்கே திரும்பச் சோதனைச் சான்று வாங்கணும். பழைய ரோட்டர் குழியில ஃபெரைட்டைச் செருகிட்டா முடிஞ்சதுன்னு நினைக்க வேண்டாம், அப்படிச் செஞ்சா மேட்டுல ஏறவே ஏறாது. காந்தமே வேண்டாம்னா இன்டக்‌ஷன் மோட்டார் இருக்கு, ரிலக்டன்ஸ் மோட்டார் இருக்கு. முதலாவதுல பேட்டரி கொஞ்சம் அதிகம் சாப்பிடும், ரெண்டாவதுல சத்தமும் அதிர்வும்.

இன்னொரு விஷயம், 'நம்மகிட்ட மண்ணே இல்லையா'ன்னு கட்டாயம் கேள்வி வரும். இருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்லயே மோனசைட் (அரிய மண் அடங்கின கனிமம்) இருக்கு. குவிப்பு மண்ணுல இல்லை, அதுக்கப்புறம் வர்ற படிகள்ல: ஆக்சைடாப் பிரிக்கிறது, உலோகமாக்குறது, கலவையாக்குறது, பொடி பண்ணி அழுத்திச் சுடுறது. கடைசிப் படியில உலகத்துல சுமார் 90 சதவீதம் சீனா. நம்ம மோனசைட்ல இன்னொரு குறை, அதுல லேசான அரிய மண்தான் அதிகம், டிஸ்புரோசியம், டெர்பியம் ரொம்பக் கம்மி. விசாகப்பட்டினத்துல ஐ.ஆர்.இ.எல்.ங்கிற மத்திய அரசு நிறுவனத்தோட ஆலையில சமேரியம்-கோபால்ட் காந்தம் செய்யறாங்க, வருஷத்துக்கு 3,000 கிலோ அளவு. 2025 நவம்பர்ல மத்திய அமைச்சரவை வருஷத்துக்கு 6,000 டன் நியோடிமியம் வகைக் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கு. ஆலை கட்டி, கிரேடு தேறி, வண்டிக் கம்பெனி சோதிச்சு ஏத்துக்கிற வரைக்கும் அது பேப்பர்ல இருக்குற டன்தான்.


சவுகார்பேட்டை தராசு

எல்லாரும் பரப்பு, பரப்புன்னு சொல்றீங்க, செலவை யாரும் சொல்லல. ஒரே ஆளுகிட்ட வாங்குறவன் முட்டாள் இல்லை. முழு கன்டெய்னர் விலை வேற, கால் கன்டெய்னர் விலை வேற.

உதாரணத்துக்கு ஒரு சின்ன ஆலை, ஒரு கெமிக்கல் நாளைக்கு 50 கிலோ, கிலோ 400 ரூபாய், கையில 30 நாள் சரக்கு. இப்ப இருக்குற ஆள் கைவிரிச்சா புது ஆளுக்கு எவ்வளவு நாள்? சாம்பிள் வர 2 வாரம், லேப் 1, டிரையல் லாட் 3, ஆர்டர் போட்டு கப்பல் வர 6, கிளியரன்ஸ் 1. மொத்தம் 13 வாரம், 91 நாள். 61 நாள் ஓட்டை.

அந்த ஓட்டையைச் சரக்காலயே அடைச்சா 3,050 கிலோ, 12.2 லட்சம் ரூபாய் முடங்கும். 12 சதவீத வட்டியில வருஷத்துக்கு 1,46,400. அதுக்குப் பதிலா ரெண்டாவது ஆளை இப்பவே தேர்வு பண்ணி, 20 சதவீதம் அவன்கிட்ட 5 சதவீதம் கூடுதல் விலைக்கு வாங்குனா? வருஷ உபயோகம் 18,000 கிலோவுல 3,600 கிலோ, கிலோவுக்கு 20 ரூபாய் கூட, 72,000. மாறுற நாள் 91-லிருந்து 49 ஆகும், கூடுதல் சரக்கு 19 நாளைக்குப் போதும், 950 கிலோ, வட்டி 45,600. ரெண்டும் சேர்ந்து 1,17,600. கிட்டத்தட்ட 29,000 மிச்சம், அதோட அந்த 20 பங்கு சரக்கு நடுவுல ஓடிக்கிட்டே இருக்கும், அதை நான் சேர்க்கவே இல்லை.

இதே கணக்கு ரெண்டாவது ஆள் 15 சதவீதம் கூடக் கேட்டா தலைகீழாயிடும், சரக்கு வைக்கிறதுதான் லாபம். கெட்டுப்போற கெமிக்கல்னா மறுபடி மாறும். எண்ணைப் போடாம "பரப்பணும்"னு பேசாதீங்க.

பொட்டாஷுக்கு இது ஒண்ணும் வேகாது. பூமியில அது கிடைக்கிற இடமே கொஞ்சம், கனடா, ரஷ்யா, பெலாரஸ் மூணும் சேர்ந்தா பெரும்பங்கு. அதுல பெலாரஸ் சரக்கு லிதுவேனியாவோட கிளைப்பேடா துறைமுகம் வழியாப் போயிட்டிருந்தது, 2022 பிப்ரவரி 1-ல லிதுவேனியா ரயில் ஒப்பந்தத்தை முறிச்சதும் அந்த வழி அடைஞ்சுது. சுரங்கம் இருக்கு, சரக்கு இருக்கு, வாசல் இல்லை. இதுக்கு நீண்டகால ஒப்பந்தம், குடோன், வேற வழியில்லை. வழியும் ஒரு சப்ளையர் மாதிரிதான். செங்கடல் பக்கம் போக முடியாம நன்னம்பிக்கை முனையைச் சுத்தினா 10-லிருந்து 14 நாள் கூடுதல்னு 2023 கடைசியிலிருந்து பார்த்துட்டோம். அந்த 14-ஐ மேல இருக்குற 91-ல கூட்டிக்கோங்க.


கொருக்குப்பேட்டை கணக்கன்

எல்லாருக்கும் நன்றி. ராத்திரியே உட்கார்ந்து எக்செல்ல போட்டுப் பார்த்தேன். உங்க 70, 20, 10-ஐ வச்சே போட்டேன், 15,400 வருது. ஒரே நாடுன்னாலே 10,000-தான்னு சொன்னீங்களே?


எக்செல் ஏகாம்பரம்

கடைசி வரிசையில 'மொத்தம் 100'-ன்னு ஒண்ணு இருக்கும், அதையும் சேர்த்து வர்க்கப்படுத்திட்டீங்க. 100-க்கு 10,000, அதோட 5,400. அந்த வரிசையை விட்டுட்டு மேல மூணை மட்டும் தேர்ந்தெடுங்க. 10,000 தாண்டினா நூத்துக்குத் தொண்ணூறு தடவை இந்தத் தப்புதான். விடை 0.54-ன்னு வந்தா பங்கைச் சதவீதமா மாத்தாம விட்டிருக்கீங்க, அதுவும் சரிதான், 10,000-ஆல பெருக்கிக்கோங்க.

இருபது நிமிஷத்துல அஞ்சு பொருள் வேண்டாம். பலகையில சூரியகாந்தி, காந்தம், தங்கம் மூணு போதும். ஒவ்வொண்ணுக்கும் நாலே பத்தி: சப்ளையர் குறியீடு, ஒரே வாசல்ல வர்றவங்களைச் சேர்த்தபின் குறியீடு, கையிருப்பு நாள், மாறுற நாள். கடைசி ரெண்டு பத்திக்கு அரசு அட்டவணை எதுவும் கிடைக்காது, வேலை பார்த்தவங்க அங்கேயே உட்கார்ந்திருப்பாங்கன்னு சொன்னீங்களே, கட்டத்தைக் காலியா விட்டு அவங்களையே நிரப்பச் சொல்லுங்க.


ராஜாஜி சாலை பில்

அட்டவணைக்குக் கீழே மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: எந்த நிதியாண்டுகள், எத்தனை இலக்கக் கோடு, மதிப்பா எடையா. தங்கத்துக்கு எடையில் போடுங்கள். மதிப்பில் மூன்று வருடத்தைக் கூட்டினால் விலை ஏறிய வருடம் மற்ற இரண்டையும் அமுக்கிவிடும்.


கொருக்குப்பேட்டை கணக்கன்

மொத்த வரிசையை எடுத்துட்டேன், 5,400. உக்ரைன், ரஷ்யாவைச் சேர்த்தா 8,200. அத்திப்பட்டு அண்ணே, சாம்பல் கணக்கை உங்க பேர் போட்டே சொல்லலாமா?


அத்திப்பட்டு நைட் ஷிப்ட்

பேரு வோணாம் தலைவரே. 650 கிராம்ன்றது தோராயம்னு மட்டும் சொல்லிடு, யூனிட்டுக்கு யூனிட்டு மாறும். அங்க எவனாவது பாய்லர் ஆளு இருந்தான்னா மொதக் கேள்வியே அதான் கேப்பான்.